எலி சொன்னால் சரி

சண்முகவள்ளி மனிதர்களின் பேச்சை நம்புகிறவள் இல்லை. பெண் பார்க்க வந்த இரண்டு பேரில் ஒருவன் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னான், இன்னொருவன் வயதைக் குறைத்துச் சொன்னான். இரண்டு பேரையும் காபி ஆறுவதற்குள் அனுப்பிவைத்தாள். மாணவர்கள் வயிற்றுவலி என்று விடுப்பு எழுதிக் கொடுத்தால், அந்த வயிறு எந்தத் தியேட்டருக்குப் போகிறது என்று கேட்பாள். அவளுக்கு நம்பிக்கை இருந்ததெல்லாம் வெள்ளை எலிகளின் மேல்தான். எலிக்கு யாரையும் ஏமாற்ற வேண்டிய தேவை கிடையாது. சுட்டால் காலை நக்கும், சுடாவிட்டால் சும்மா இருக்கும். அந்த யோக்கியதை இந்த ஜில்லாவில் வேறு எவனுக்கு இருக்கிறது என்பது அவளுடைய கேள்வி.

அவள் பாடம் நடத்திய பார்மசி கல்லூரி உச்சிப்புளிக்குக் கிழக்கே, கருவேலங்காட்டை அழித்துக் கட்டியது. அதன் பெயர் நமக்கு வேண்டாம். தாளாளர் அதைத் தன் தகப்பனார் பெயரோடு சேர்த்துக் கல்லூரிப் பஸ்ஸின் மூன்று பக்கமும் எழுதிவைத்திருந்தார், அதுவே போதும். நூலகத்தில் புத்தகத்தைவிடப் பூட்டு அதிகம். ஆனால் இன்வர்ட்டர் இருந்தது. 2008ஆம் வருடம் தமிழ்நாடே மின்வெட்டில் விசிறி மட்டையோடு உட்கார்ந்திருந்தபோது, "நம்ம காலேஜ்ல கரண்ட் போறதே தெரியாது" என்று தாளாளர் பெற்றோரிடம் மார்தட்டினார். உண்மைதான். தினமும் மத்தியானம் கரண்ட் போகும், ஆய்வகத்தில் விளக்கும் காற்றாடியும் கம்ப்யூட்டரும் ஒரு நொடிகூட நிற்காது.

துறைத் தலைவர் டாக்டர் தங்கசாமி. அவரைப் பற்றிச் சண்முகவள்ளி வைத்திருந்த அபிப்பிராயத்தை அச்சில் போட முடியாது. ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கும் கடல்பாசியைக் காயவைத்து, சாறு இறக்கி, அதிலிருந்து வலிநிவாரணி கண்டுபிடிப்பதாக அவர் கிளம்பியிருந்தார். பாசியை அலசியது மாணவர்கள், சாறு இறக்கியது சண்முகவள்ளி, எலிகளோடு மல்லுக்கட்டியதும் அவள். தங்கசாமி செய்தது ஒன்றே ஒன்று. மருந்துக்கு முதலிலேயே பெயர் வைத்துவிட்டார், தன் பெயரின் முதல் எழுத்தோடு.

சோதனை எளிது. தோசைக்கல் அளவுக்கு ஒரு தகடு, அதைச் சுற்றி ஒரு கண்ணாடி வளையம். தகட்டைச் சூடாக்கி எலியை அதன்மேல் விட வேண்டும். சில நொடிகளில் எலி பின்னங்காலைத் தூக்கி நக்கும், இல்லையென்றால் துள்ளும். உடனே எடுத்துவிட வேண்டும். மருந்து போட்ட எலி கூடுதல் நேரம் தாங்கினால் மருந்துக்கு வீரியம் இருக்கிறது என்று அர்த்தம். தகட்டில் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது, அது அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே கண்ணை மூடியிருந்தது. வெப்பமானி போன வருடம் கீழே விழுந்து உடைந்தது. புதிது கேட்டதற்கு, "சூடு கூட்டுற திருகுல நம்பர் போட்டிருக்குல்லம்மா, அது போதும்" என்றார் தங்கசாமி.

காலையில் மருந்து போடாத எலிகள், மத்தியானம் மருந்து போட்ட எலிகள். காலையில்தான் மாணவர்கள் கூட்டம் இருக்கும், மருந்துக்குப் பதில் வெறும் உப்புநீர் ஊசி போட்ட எலிகளை வைத்து அவர்களுக்கும் செய்துகாட்டிவிடலாம். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊர் அடங்கியபின் அவள் தனியாக மருந்து எலிகளைப் பார்ப்பாள். அவள் இதில் கறார். ஒருநாள் கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் கூரையை உரசுகிற மாதிரி போனதில் எலிகள் மிரண்டு துள்ளின. அன்றைய கணக்கு முழுவதையும் அடித்துப் போட்டாள்.

முடிவு வந்தபோது அவளே அசந்துபோனாள். காலை நேரத்து எலிகள் தகட்டில் விட்டதும் பின்னங்காலை நக்கின. மருந்து போட்ட எலிகள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போலத் தகட்டின்மேல் நடந்தன, மோந்து பார்த்தன, முகம் கழுவின. ஒரு எலி உட்கார்ந்து கண்ணை மூடியது. ஒன்றிரண்டல்ல, விட்ட எலியெல்லாம் அப்படி. தங்கசாமி என்கிற மூடர் இருட்டில் கல்லெறிந்து மாங்காயை அடித்துவிட்டாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் எலி பொய் சொல்லாது. எலி சொன்னால் சரி.

அவள் வீட்டில் ஒரு வலி இருந்தது. அவள் தாய் பூமயிலின் வலி.

பூமயில் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், கண்மாய்த் தண்ணீர் பாயும் அடுத்தவர் வயல்களில் நடவும் களையும் செய்து மகளைப் படிக்கவைத்தவள். போன அறுவடைச் சமயம் அவளுக்கு இடது விலாவில் அக்கி கண்டது. முதுகிலிருந்து மார்புக்குக் கீழே வரைக்கும் பட்டையாகக் கொப்புளங்கள். ஊர் வழக்கப்படி மண்பானை செய்யும் வேளாரிடம் போனாள். அவர் காவிக்கல்லை உரசி, கொப்புளத்தின் மேல் சிவப்பாகச் சிங்கம் எழுதி அனுப்பினார். சேதி கேட்டு ஊருக்கு வந்த சண்முகவள்ளி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

"சிங்கத்தப் பாத்து அக்கி பயந்து ஓடிருமா ஆத்தா? அந்தாளுக்குச் சிங்கமும் எழுத வரல. இது நாய்."

"எல்லாரும் எழுதுறதுதானத்தா. மூணு நா எழுதணும்."

"முப்பது நா எழுது. இங்கன வா, தொடைச்சு விடுறேன்."

சோப்புத் தண்ணீரில் துண்டை நனைத்து அவளே துடைத்தாள். பூமயில் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். காவி போய்விட்டது. அன்றைக்கே தாயை உச்சிப்புளிக்குக் கூட்டிவந்து, வாடகை வீட்டில் தன்னோடு வைத்துக்கொண்டாள். அதை அவள் பெருமையாகவே நினைத்தாள்.

கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. எரிச்சல் மட்டும் உதிரவில்லை. "கங்க வச்சு இழுக்குற மாதிரி இருக்கு வள்ளி" என்பாள் பூமயில். துணி உரசினால்கூடப் பொறுக்காது. வீட்டுக்குள் ஜாக்கெட் போடமாட்டாள். முந்தானையை இடது கையால் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தபடி, ஒற்றைக் கையாலேயே அரிசி களைவாள், வீடு கூட்டுவாள். ராமநாதபுரத்தில் பார்த்த டாக்டர், அக்கி போனாலும் அது தின்ற நரம்பு மாதக்கணக்கில் எரியும் என்று சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரை போட்டால் தாங்குகிற அளவுக்கு இருந்தது. தூக்கம் மட்டும் அசத்தியது. உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போய் இரண்டு தடவை பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

இந்த நிலையில்தான் எலிகள் தகட்டின்மேல் உட்கார்ந்து கண்ணை மூடின. சண்முகவள்ளி வேறென்ன யோசிப்பாள்? முதலில் தானே ஒரு வாரம் குடித்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு பாட்டிலில் சாற்றை ஊற்றிக் கொண்டுவந்து தாயிடம் கொடுத்தாள். தூக்க மாத்திரை இனி வேண்டாம் என்று அட்டையோடு எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அது தூக்க மாத்திரை இல்லை, வலி மாத்திரை. தெரிந்தே அப்படிச் சொன்னாள்.

நாலைந்து நாள் கழித்துப் பூமயில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கொறையலையே வள்ளி. முன்னையக் காட்டியும் எரியுது. அந்த மாத்திரையவே குடேன்."

"பழகணும் ஆத்தா. ஒரு வாரம் பொறு."

ஒரு வாரம் பொறுத்துவிட்டு மறுபடியும் சொன்னாள். சண்முகவள்ளிக்கு எரிச்சல் வந்தது. அவள் கண்ணுக்கு முன்னால் இருந்தது தாயின் விலா இல்லை, தகட்டின்மேல் முகம் கழுவிய எலி.

"எலிக்கு வலி போயிருச்சு ஆத்தா. விட்ட எலிக்கெல்லாம் போயிருச்சு. ஒனக்கு மட்டும் போகலைன்னா என்ன அர்த்தம்?"

"என்னத்தா அர்த்தம்?"

"வலி ஒடம்புல இல்ல, மனசுல இருக்குன்னு அர்த்தம். எங்கூட இங்கன இருக்கப் பிடிக்கல, ஊருக்குப் போகணும். அதுக்கு இது ஒரு சாக்கு."

பூமயில் எழுந்துபோய்ப் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள். அதற்குப்பின் அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை. சில நாளில் சண்முகவள்ளி கல்லூரி விட்டு வந்தபோது தாய் ஜாக்கெட் போட்டு, புடவையை இறுக்கிச் செருகி, இரண்டு கையாலும் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு ஆத்தா?"

"தேவலை."

"பாத்தியா? நா சொல்லல?" என்றாள் சண்முகவள்ளி. எலியும் தாயும் ஒரே பேச்சுப் பேசியது அவளுக்கு நிறைவாக இருந்தது.

தங்கசாமிக்கு உள்ளூர்ப் புகழ் போதவில்லை. பெங்களூரில் எலியின் மூளையைப் படமெடுக்கிற பெரிய யந்திரம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கே யாரையோ பிடித்துச் சம்மதம் வாங்கினார். மருந்து போட்ட எலியின் மூளையில் வலி அவிந்துபோவதைப் படமாகப் போட்டுவிட்டால், பட்டமளிப்பு விழாவில் தாளாளர் அவருக்குச் சால்வை போடுவார், மண்டபத்து வாசலில் படத்தோடு பேனர் கட்டலாம். சாற்றை எடுத்துக்கொண்டு ரயிலேறியது, வழக்கம்போல், சண்முகவள்ளி.

அங்கே யந்திரத்தைப் பார்த்துக்கொண்ட பெண் நூர் நிஷா, தொண்டிக்காரி. ஊர்ப் பேச்சைக் கேட்டதும் "அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள். எலியை லேசான மயக்கத்தில் குழாய்க்குள் படுக்கவைத்து, பின்னங்காலில் ஒரு சிறிய பட்டையைக் கட்டினாள். பட்டை சூடாகும், ஆறும், மறுபடி சூடாகும். சூடாகும் போதெல்லாம் மூளையில் எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்று யந்திரம் பார்க்கும். அந்த இடத்தில் கம்ப்யூட்டர் சிவப்புப் பூசும்.

மருந்து போடாத எலியின் படம் திரையில் வந்தது. சாம்பல் நிற மூளையில் அங்கங்கே சிவப்பு. அடுத்து மருந்து போட்ட எலி. சண்முகவள்ளி கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிவப்பு அப்படியே இருந்தது. இன்னொரு எலி. அதே சிவப்பு. இரண்டு நாளும் எத்தனை எலியைப் படுக்கவைத்தாலும் மருந்து ஒரு புள்ளியைக்கூட அழிக்கவில்லை.

"ஒங்க மிஷின்ல கோளாறு இருக்கும்" என்றாள் சண்முகவள்ளி.

நூர் நிஷாவுக்குக் கோபம் வரவில்லை. "இருக்கலாம் அக்கா. நேத்து வேல செய்யும்னு தெரிஞ்ச மருந்து ஒன்னு போட்டுப் பாத்தேன், அதுக்குச் செவப்பு கொறைஞ்சுச்சு. ஒங்களுதுக்குத்தான் கொறையல."

"எலி மயக்கத்துலதான கெடக்கு? அதுக்கு எங்கேயிருந்து வலிக்கும்?"

"வலிக்குதுன்னு நாம சொல்ல ஏலாது. சூடு மூளைக்குப் போய்ச் சேந்துருச்சுன்னு மட்டும்தான் சொல்லலாம். வலிக்குதான்னு அதுகிட்டத்தானே கேக்கணும்? அதுக்கு வாய் இல்ல. பேசத் தெரிஞ்சிருந்தா இவ்வளவு பெரிய மிஷினே நமக்கு வேண்டாமே அக்கா." பிறகு போகிறபோக்கில் கேட்டாள். "மருந்து போடாத எலிய நீங்க எப்பப் பாப்பீங்க?"

"காலையில."

"போட்டத?"

"மத்தியானம்."

"மாத்திப் பாத்தீங்களா?"

என்ன கேள்வி இது, எலிக்கு ராகுகாலம் பார்க்கச் சொல்கிறாளா என்று சண்முகவள்ளி ரயில் முழுக்க நூர் நிஷாவை ஏசிக்கொண்டே வந்தாள். தொண்டியிலிருந்து வந்தவளுக்கு ஒரு யந்திரம் கிடைத்துவிட்டால் உலகமே மடையர்கள் என்று நினைப்பு. ஆனால் பாம்பன் காற்று முகத்தில் அடிக்கும் தூரம் வந்தபோது ஏசுவதற்கு வார்த்தை தீர்ந்துபோயிருந்தது. கேள்வி தீரவில்லை.

நேரே கல்லூரிக்குப் போனாள். மத்தியானம், ஆய்வகத்தில் யாரும் இல்லை. காற்றாடி ஓடியது, விளக்கு எரிந்தது. தகட்டின் திருகு வழக்கமான எண்ணில்தான் இருந்தது. கூண்டிலிருந்து ஒரு எலியை எடுத்து வெறும் உப்புநீர் ஊசி போட்டாள். மருந்து ஒரு துளிகூட இல்லை. வழக்கமான நேரம் விட்டுத் தகட்டின்மேல் வைத்தாள்.

எலி நடந்தது. மோந்து பார்த்தது. முகம் கழுவியது.

சண்முகவள்ளி எலியை எடுத்துக் கூண்டில் விட்டாள். தகட்டில் கை வைக்கக் கூடாது என்பது ஆய்வகத்தின் முதல் விதி, அதைச் சிவப்பு மையில் சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான். உள்ளங்கையை விரித்துத் தகட்டின்மேல் அழுத்தினாள். வடித்து இறக்கி வெகுநேரமான சோற்றுப்பானையின் சூடுதான் இருந்தது. கையை எடுக்காமல் தலையைத் தூக்கிக் காற்றாடியைப் பார்த்தாள். அது ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனதே தெரியவில்லை.

வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தாள். இன்வர்ட்டர் மாட்டிய எலக்ட்ரீசியன், சூடாக்குகிற சாமான் கரண்டை அதிகம் இழுக்கும் என்று தகட்டின் பிளக்கை மட்டும் அதில் சேர்க்காமல் விட்டிருந்தான். தினமும் மின்வெட்டு வந்ததும் தகடு மட்டும் செத்துப்போய் ஆறியிருக்கிறது. ஆறிப்போன தகட்டின்மேல் எலிகளை விட்டுவிட்டு, ஆகா என்ன தாங்கு தாங்குகிறது என்று அவள் குறித்திருக்கிறாள். எலிகள் பொய் சொல்லவில்லை. சுடவில்லை என்றுதான் ஒவ்வொரு மத்தியானமும் சொல்லியிருக்கின்றன.

தங்கசாமியை அழைத்துவந்து, பெங்களூர் முடிவையும் சொல்லி, தகட்டைக் காட்டினாள். அவர் தகட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"கை வச்சுப் பாருங்க சார்."

அவர் இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். "இது பெரிய விஷயமாம்மா? பிளக்க மாத்தச் சொல்லிருவோம். பேனருக்குக் குடுத்தாச்சு. விழா முடியட்டும், பெறகு நிதானமாப் பாப்போம். பெங்களூர்க்காரங்களுக்கு நம்ம பாசியோட அரும தெரியல, அவ்வளவுதான்."

"மருந்து வேல செய்யல சார்."

"ஏன், ஒங்க அம்மாவுக்கு வேல செஞ்சுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சரியான இடத்தில் கை வைத்தார். அவரை அவ்வளவு காலமும் மூடர் என்று ஏளனம் செய்தவள், அவருக்கு மேலே ஒரு படி போய் அந்தச் சாற்றைப் பெற்றவளின் தொண்டையில் ஊற்றியிருக்கிறாள். சாற்று ஜாடியை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கல்லூரியை விட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் பூமயில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜாக்கெட் போட்டிருந்தாள், புடவை இறுக்கிச் செருகியிருந்தது. சண்முகவள்ளி பையைப் போட்ட வேகத்தில் பீரோவைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள், செம்பில் தண்ணீர் மொண்டாள், தாயின் முன்னால் வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆத்தா, இந்தா. இதப் போடு. அந்தத் தண்ணிய இனிமே குடிக்காத."

"ஏன், நல்லாத்தான இருக்கு."

"நல்லா இல்ல. அது வெறும் பாசித் தண்ணி. ஒனக்கு இப்ப வலிக்குதா? நெசமாச் சொல்லு."

பூமயில் அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்கவில்லை. "என்னைய எதுக்குக் கேக்குற? எலி என்ன சொல்லுச்சு?"

சண்முகவள்ளி தாயின் முந்தானையை விலக்கி, ஜாக்கெட்டின் கடைசி ஊக்கைக் கழற்றி இடது பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள். துணி நகர்ந்ததும் பூமயிலின் உடம்பு முழுவதும் ஒரு துடி துடித்து அடங்கியது.

விலாவில், வடுக்களின் மேல், செக்கச் சிவந்த காவியில் ஒரு சிங்கம் இருந்தது. நாய் மாதிரி இருக்கிற அதே சிங்கம். இரண்டொரு நாள்தான் ஆகியிருக்கும், இன்னும் மங்கவில்லை.

"ஊருக்குப் போனியா?"

"நீ பெங்களூர் போன மறுநா பஸ்ஸேறிப் போனேன். பொழுது சாயத் திரும்பிட்டேன்." பூமயில் மகளின் கையை விலக்கி ஊக்கை மாட்டிக்கொண்டாள். "தொடைக்காத. அக்கி காஞ்சு வருசமாகப் போகுது, இனிமே எழுதி என்ன ஆகப்போகுதுன்னு வேளாரே சொன்னாரு. நாந்தான் எழுதுங்கன்னேன்."

"எழுதுனதுல கொறஞ்சுச்சா?"

"இல்ல."

"பெறகு எதுக்கு அம்புட்டுத் தூரம் போன?"

பூமயில் ஒரு மீனை எடுத்துச் செதிளைச் சீவினாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வலிக்குதா ஆத்தான்னு கேட்டாரு. ஆமான்னேன். சரின்னாரு."

சண்முகவள்ளி தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பூமயில் மீனை முடித்து, கையைக் கழுவி, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு செம்புக்காகக் கையை நீட்டினாள்.